காணாதே போதியோ: மயிலைப் பங்குனி விழா குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களுள் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொடியேற்றத்துக்குச் சில நாட்களே இருப்பதால், மற்றக் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கலாம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி): ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியைச் சென்ற ஆண்டு, சிவனடியார்களான நாயன்மார்கள் பல்லக்கில் வீதியுலா வரும் அறுபத்துமூவர் விழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “பாட்டி, சாமிக்குத்தானே விழா? பக்தர்களைப் பார்க்க ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள்? சாமியைவிட அவர்கள் பெரியவர்களா?” என்று கேட்டாள். எனக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு போவதற்குள் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

பதில்: அம்மா, உங்கள் பேத்தி ஆவலோடு கேட்ட இதே கேள்வி திருவாரூரில் ஒரு நாள் கோபத்தோடு எழுந்தது. அன்று கிடைத்த விடைதான் இன்று மயிலை மாட வீதிகளில் பல்லக்கு ஏறி வருகிறது. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் சிவனடியார்கள் கூடியிருந்தபோது, சுந்தரர் அவர்களை மனத்துக்குள் வணங்கியபடியே ஒதுங்கி, இறைவனைக் காண நேரே உள்ளே சென்றார். அங்கிருந்த விறன்மிண்டர் என்னும் அடியாருக்கு அது பொறுக்கவில்லை. அடியார்களை மதியாத இந்த வன்றொண்டனும் (சுந்தரரின் மற்றொரு பெயர்) நமக்குப் புறம்பு, இவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். கோயில் வாசலிலேயே கடவுளைத் தள்ளிவைக்கும் சொல் அது. சிவபெருமான் அதற்காகச் சினக்கவில்லை. “தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்” என்று முதலடியைத் தாமே எடுத்துக்கொடுத்து, அடியார்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாடும்படி சுந்தரரைப் பணித்தார். அப்படிப் பிறந்தது திருத்தொண்டத்தொகை. அதை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். பின்னர் 12-ஆம் நூற்றாண்டில், நம் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணமாக அதைப் பாடி வைத்தார். விறன்மிண்டரையும் சைவர்கள் ஒதுக்கவில்லை. அறுபத்துமூவரில் ஒருவராக அவரும் அந்தப் பல்லக்கு வரிசையில் கைகூப்பி வருகிறார். இதைப் பேத்தியிடம் தவறாமல் சொல்லுங்கள். கடவுளையே புறம்பு என்று சொன்னவருக்கும் அந்த விழாவில் இடம் உண்டு என்பது அவளுக்கு மறக்காது.

ஆகவே, யார் பெரியவர் என்ற போட்டிக்கு அங்கே இடமில்லை. தம்முடைய அன்பர்களை ஊருக்குக் காட்டுவதற்காக இறைவன் அவர்களோடு வீதிக்கு வரும் நாள் அது. அந்த அன்பர்கள் யார் யார் என்று பார்த்தால் உங்கள் பேத்திக்கு இன்னும் வியப்பாக இருக்கும். அவர்களில் அரசர்கள் உண்டு. மண்பாண்டம் செய்த திருநீலகண்டர், காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், நாகப்பட்டினத்தில் மீன்பிடித்த அதிபத்தர், வேட்டுவராகிய கண்ணப்பர், யாழ்ப்பாணர் என்று ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் அவர்கள் வந்திருக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரை அவள் எளிதில் கண்டுகொள்வாள், ஏனென்றால் மற்றவர்கள் நின்றிருக்க அவர் அமர்ந்த கோலத்தில் இருப்பார். நந்தனார் என்று நாம் சொல்லும் திருநாளைப்போவாரும் அங்கே இருக்கிறார். கோயிலுக்குள் வர இயலாமல் திருப்புன்கூரில் வெளியே நின்றவருக்காக நந்தி விலகிக்கொடுத்தது என்பது வரலாறு. அப்படிப்பட்டவரைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டாடிய இதே நாட்டில், அவருடைய மக்களுக்காகக் கதவுகள் திறப்பதற்கு, 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்து, 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். குழந்தைக்கு இதையும் மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சென்னைக் குழந்தை என்பதால், தன் ஊரைச் சேர்ந்தவர்களை அவள் தேடிப் பார்க்கட்டும். மயிலாப்பூரிலேயே பிறந்தவர் வாயிலார் நாயனார். அவர் பூவும் நீரும் கொண்டு செய்யும் பூசையை மனத்துக்குள்ளேயே செய்தவர், வாய்திறந்து எதையும் சொல்லாதவர். கபாலீசுவரர் கோயிலில் அவருக்குச் சன்னதி உண்டு. திருவொற்றியூரில் விளக்கெரிக்கும் தொண்டு செய்த கலியர், எண்ணெய்க்கு வழியற்றுப்போன நாளில் தம் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்தவர். திருவேற்காட்டு மூர்க்கர், அடியார்களுக்குச் சோறிடப் பணம் இல்லாமல் சூதாடிப் பொருள் சேர்த்தவர். திருநின்றவூர்ப் பூசலார், கல்லும் சுண்ணமும் வாங்கப் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தவர். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளைப் பல்லவ அரசனும் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். பூசலாருடைய கோயிலுக்குப் போக வேண்டும், நாளை மாற்றிக்கொள் என்று இறைவன் அரசனின் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். புறநகர் ரயிலில் திருநின்றவூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கனவு நினைவுக்கு வரும்.

விழாவின் பத்து நாட்களையும் நீங்கள் அறிவீர்கள். மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர், ஒன்பதாம் நாள் பிட்சாடனர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். எட்டாம் நாள் பிற்பகலில் சுவாமி புறப்படுவதற்கு முன்பே மாட வீதிக்குள் போய் ஓரிடத்தில் நின்றுகொள்ளுங்கள். அன்று வண்டிகளை விடமாட்டார்கள். திருமயிலைப் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பதே எளிது. சிறுவனாக இருந்தபோது என் பாட்டனார் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பல்லக்கு ஒவ்வொன்றும் அருகே வரும்போது அதில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லுவார். மூன்று பல்லக்குகள் போவதற்குள் நான் அவற்றை மறந்துவிடுவேன். அடுத்த ஆண்டும் அவர் சலிக்காமல் சொல்லுவார்.

கேள்வி (வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர்): திருத்தொண்டத்தொகையில் எண்ணிப் பார்த்தால் அறுபத்துமூன்று பெயர்கள் வரவில்லையே?

பதில்: வராது. சுந்தரர் தனித்தனியே வணங்கியவர்கள் 60 பேர். பாடலின் முடிவில் தம்மைச் சடையனார்க்கும் இசைஞானிக்கும் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். பாடியவரையும் அவரைப் பெற்றவர்களையும் பின்வந்தோர் சேர்த்துக்கொண்டதால் 63 ஆயிற்று. இவர்களைத் தவிர, தில்லைவாழ் அந்தணர், பத்தராய்ப் பணிவார் என்பது போல ஒன்பது தொகையடியார்களும் அதில் உண்டு. அந்தத் தொகுதிகளில் ஒன்று “அப்பாலும் அடிச்சார்ந்தார்” என்பது. தமிழ்நாட்டுக்கு அப்பாலும், தம் காலத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த அடியார்களையெல்லாம் சுந்தரர் அந்த ஒரு தொடரில் அடக்கிவிட்டார்.

கேள்வி (தாம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை): சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் மயிலாப்பூர் விழாக்கள் பல வருவதாகச் சொல்கிறார்கள். அவற்றுள் எவை இன்றும் நடக்கின்றன? ஓர் இறந்த பெண்ணை எழுப்பப் பாடிய பாட்டில் விழாக்களை ஏன் வரிசையாகச் சொல்ல வேண்டும்?

பதில்: இரண்டாவது கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தருக்கே உரியவள் என்று எண்ணி வளர்த்தார். மலர் பறிக்கச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறந்தாள். எரித்த எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்து அவர் காத்துவந்தார். சம்பந்தர் திருவொற்றியூருக்கு வந்திருப்பதை அறிந்து மயிலைக்கு அழைத்து வந்தார். அந்தக் குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடியதே இப்பதிகம். இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. முதல் பாட்டு இது:

மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலைக்
கட்டிட்டங் கொண்டான் கபாலீச் சரம்அமர்ந்தான்
ஒட்டிட்ட பண்பின் உருத்திர பல்கணத்தார்க்
கட்டிட்டல் காணாதே போதியோ பூம்பாவாய்.

கடைசி அடியில் உள்ள “அட்டிட்டல்” என்ற சொல்லை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள். அடுதல் என்றால் சமைத்தல், இடுதல் என்றால் படைத்தல். அடியார்களுக்குச் சமைத்துப் படைக்கும் அந்தக் காட்சியைப் பார்க்காமலேயே போய்விடுவாயா, பூம்பாவாய் என்று கேட்கிறார். பத்துப் பாட்டுகளிலும் இதே கேள்விதான் வருகிறது, பார்க்கத் தவறும் விழா மட்டும் ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

இரண்டாம் பாட்டில் ஐப்பசி ஓணம். மாயோனுக்குரிய ஓண நன்னாளை மதுரைக்காஞ்சியும் பாடுகிறது, ஆகவே அது இங்கே மிகப் பழைய விழா. இன்று ஓணம் கேரளத்தில் ஆவணியில் பெருவிழாவாக இருக்கிறது. தமிழ் வீடுகளில் ஐப்பசி ஓணம் ஒரு பண்டிகையாக நிலைக்கவில்லை. மூன்றாம் பாட்டில் தொல் கார்த்திகை நாளின் விளக்கீடு. 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரே அதைத் தொன்மையானது என்று அடைமொழி தந்து சொல்லுகிறார். அவருக்கும் முன்னால் அகநானூற்றில் நக்கீரர், முழுமதியும் அறுமீன் என்னும் கார்த்திகையும் சேரும் நள்ளிரவில் “மறுகுவிளக் குறுத்து மாலை தூக்கி” ஊர் விழாக் கொண்டாடியதைப் பாடியிருக்கிறார். மறுகு என்றால் தெரு. உங்கள் தாம்பரத்து அடுக்ககங்களில் மாடிதோறும் கைப்பிடிச் சுவரில் அகல் ஏற்றி, கீழே கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும் அந்த மாலையில், நீங்கள் செய்வது நக்கீரர் கண்டதேதான்.

நான்காம் பாட்டு மார்கழி ஆதிரைநாள். இன்று திருவாதிரைக் களியும் பல காய் சேர்த்த கூட்டுமாக வீட்டில் மணக்கும் நாள் அது. ஐந்தாம் பாட்டின் தைப்பூசத்தில் சம்பந்தர் உணவையே முன்வைக்கிறார். நெய் பூசிய “ஒண்புழுக்கல்” என்கிறார். நெய் வடியும் சோறு என்று நாம் வாசித்துக்கொள்ளலாம். தைப்பூசத்தை ஒட்டி மயிலைத் தெப்பக்குளத்தில் மூன்று நாள் தெப்பம் நடக்கிறது. ஆறாம் பாட்டு மாசிக் கடலாட்டு. மாசி மகத்தன்று சென்னைக் கோயில்கள் பலவற்றின் உற்சவமூர்த்திகள் மெரினாவுக்கு எழுந்தருள்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுக்கு உரையே தேவையில்லை. இந்த வரியைச் சம்பந்தர் பாடியபோது கோயிலே கடலோரத்தில் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் அலை அருகே சூழ்ந்த மயிலை என்றுதான் பாடுகிறார். போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறிய 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கோயில் இன்றுள்ள இடத்தில் எழுந்தது. அதாவது, பாட்டில் உள்ள கற்கள் போய்விட்டன. பாட்டில் உள்ள மாதங்களும் நட்சத்திரங்களும் அவற்றுக்குரிய விழாக்களும் இடம் மாறி வந்து புதிய மதிலுக்குள் மறுபடி அமர்ந்துகொண்டன.

ஏழாம் பாட்டுத்தான் நம்முடையது. பங்குனி உத்திரத்தைச் சம்பந்தர் “ஒலிவிழா” என்கிறார். இத்தனை ஆண்டுகளாக இந்த விழாவைப் பார்த்த பின்னும், இதைவிடப் பொருத்தமான ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சுவாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி எழுகிறது. தவிலும் சங்கும் சேர்கின்றன. ஓதுவார் தேவாரம் பாடி வருகிறார். சீர்பாதம் தாங்குவோர் தோள் மாற்றும்போது ஒருமித்துக் குரல் கொடுக்கிறார்கள். அதற்கு மேல், பலூன்காரர், ஊதல் விற்கும் சிறுவர், பந்தலில் மோர் மொள்ளும் செம்பின் சத்தம், தொலைந்த குழந்தையை ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். கண்ணை மூடி நின்றாலே சுவாமி எந்த மாட வீதியில் வருகிறார் என்று மயிலாப்பூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

எட்டாம் பாட்டில் அட்டமி நாள். ஒன்பதில் பொற்றாப்பு, அதைப் பொன்னூசல் என்பார்கள். பத்தில் பெருஞ்சாந்தி. ஐப்பசி முதல் பங்குனி வரை மாதங்கள் வரிசை பிறழாமல் வருவதைக் கவனித்தால், மயிலையின் ஆண்டு முழுவதையும் அந்தக் குடத்தின் முன் சம்பந்தர் விரித்து வைப்பது புரியும்.

ஏன் விழாக்கள் என்றீர்கள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எலும்பாகக் கிடக்கும் பெண்ணிடம் வீடுபேற்றைப் பற்றியோ வினைப்பயனைப் பற்றியோ அவர் பேசவில்லை. அவளுடைய ஊரில், அவள் தோழிகள் விளக்கேற்றும் தெருவில், தைப்பூசத்துச் சோற்றில், கடற்கரையில், இனி என்னென்ன நடக்கப்போகிறது என்று சொல்லி, இதையெல்லாம் விட்டுவிட்டா போகிறாய் என்கிறார். வாழ்வின் மேல் ஆசை ஊட்டி அழைக்கிறார். வீடு துறந்தால்தான் பக்தி என்று நினைப்பவர்கள் இந்தப் பதிகத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். குடம் உடைந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்தாள் என்றும், உயிர் தந்ததால் நான் இவளுக்குத் தந்தை முறை என்று சொல்லிச் சம்பந்தர் திருமணத்தை மறுத்தார் என்றும் சேக்கிழார் முடிக்கிறார். எட்டாம் நாள் காலையில் இந்த வரலாறு விழாவின் ஒரு பகுதியாக நடத்தப்பெறுகிறது. பிற்பகலில் அறுபத்துமூவர் புறப்பாடு. உங்கள் மாணவர்களை அழைத்து வருவதாக இருந்தால் காலையிலேயே அழைத்து வாருங்கள்.

கேள்வி (வேளச்சேரியிலிருந்து, ஓர் அடுக்ககக் குடியிருப்போர் சார்பில்): அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் அன்னதானம் செய்ய விரும்புகிறோம். எங்களில் சிலர், சோறு வாங்குபவர்களில் பெரும்பாலோர் வசதியானவர்கள்தானே, இது வீண் என்கிறார்கள். என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

பதில்: முந்தைய பதிலில் சொன்ன “அட்டிட்டல்” உங்களுக்கும் உரியது. விழா என்ற சொல்லுக்குச் சம்பந்தர் தரும் முதல் காட்சியே சோறிடுவதுதான். அடியார் வரலாறுகளிலும் அதுவே அடிக்கடி வருகிறது. இளையான்குடி மாறனார் வறுமையுற்றிருந்த மழை இரவில் வந்த விருந்தினருக்காக, அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து அரித்து வந்து சோறாக்கினார். திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார். வழியில் அந்தப் பந்தலைக் கண்ட நாவுக்கரசரே, இது யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாட வீதியில் நாம் போடும் ஒவ்வொரு மோர்ப் பந்தலும் அந்தத் திங்களூர்ப் பந்தலின் வழி வந்தது.

வாங்குபவர் வசதியானவரா என்று பார்ப்பது இங்கே பொருந்தாது. அன்று வரிசையில் நிற்கும் அதிகாரியும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே தொன்னையில் புளியோதரை வாங்கிக் கையால் உண்ணுகிறார்கள். கொடுப்பவரை அறியாமல் கைநீட்டி வாங்கி உண்பதும் அன்றைய வழிபாட்டில் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். பசித்தவருக்கு மட்டும் இட வேண்டும் என்ற உங்கள் நண்பர்களின் எண்ணமும் நல்லதுதான். அதற்கு ஆண்டில் மற்ற நாட்கள் இருக்கின்றன.

நடைமுறைக்கு வருகிறேன். பங்குனி வெயிலில் முதல் தேவை தண்ணீரும் நீர்மோரும் பானகமும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்த மோரும், வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை சேர்த்த பானகமும் செய்ய எளியவை. சோறு என்றால் புளியோதரை தாங்கும். தயிர்சாதம் செய்தால், நடுப்பகலுக்கு மேல் புளிக்காமல் இருக்கப் பால் கூடுதலாக ஊற்றிப் பிசைய வேண்டும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிளாஸ்டிக் கோப்பையும் பையும் வேண்டாம். தொன்னை, மந்தாரை இலைத் தட்டு, பாக்குமட்டைத் தட்டு ஆகியவை எளிதாகவே கிடைக்கின்றன. மாநகராட்சியிடமும் காவல் துறையிடமும் முன்கூட்டியே சொல்லி இடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்லக்குகள் திரும்பும் மூலையில் பந்தல் போடாதீர்கள், நெரிசல் ஏற்படும். லாரியின் மேலிருந்து பொட்டலம் வீசுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது என்னை மிகவும் வருத்தியது. உணவை வீசக்கூடாது, கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும் கைகளைத் தவிர, கீழே கிடக்கும் இலைகளை எடுக்கும் கைகள் சிலவற்றையும் ஏற்பாடு செய்யுங்கள். அன்று இரவு உங்கள் பந்தலைச் சுற்றி நூறடி வரை கிடக்கும் இலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்ட பின்தான் வேளச்சேரிக்குத் திரும்ப வேண்டும்.

கேள்வி (அயனாவரத்திலிருந்து ஒரு வாசகர்): சிவன் கோயில் ஊர்வலத்தில் திருவள்ளுவரும் அம்மன்களும் வருவது எப்படி?

பதில்: அறுபத்துமூவர் அன்று கபாலீசுவரர் ஊருக்கே விருந்தளிப்பவர். விருந்துக்கு அக்கம்பக்கத்தார் வருவது இயல்பு. கோலவிழி அம்மனுக்கு மயிலையின் காவல் தெய்வம் என்ற மதிப்பு உண்டு. முண்டகக்கண்ணி அம்மனும் அன்று வீதிக்கு வருகிறாள். திருவள்ளுவர் மயிலையில் பிறந்தவர் என்ற மரபை ஒட்டி அவருக்கு அங்கே கோயிலே இருக்கிறது. அங்கிருந்து அவரும் வாசுகி அம்மையாரும் எழுந்தருளுகிறார்கள். வள்ளுவரின் சமயம் எது என்ற விவாதத்தை நீங்கள் கடிதத்தில் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் இங்கே தொடரவில்லை. தம் ஊர்க்காரர் என்ற உரிமையில் மயிலாப்பூர் மக்கள் அவரை அழைத்து வருகிறார்கள் என்பதே எனக்குப் போதுமானது.

கேள்வி (திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி): என் தாயார் காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறுபத்துமூவர் அன்று வடக்கு மாட வீதியில் உறவினர் வீட்டு வாசலில் பானை வைத்து நீர்மோர் கொடுத்து வந்தார். ஓராண்டு முடியாததால் நாங்கள் போகக்கூடாது என்கிறார்கள் சிலர். போகலாமா? அம்மாவின் பானையை வைக்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு என் ஆறுதலை ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீட்டு என்பது குடும்ப வழக்கப்படி கருமாதி வரையிலான நாட்களுக்கு உரியது. அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை, பலகாரம் செய்வதில்லை, மலைக்கோயிலுக்குப் போவதில்லை என்பவையெல்லாம் துக்கம் காப்பது. அது வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி மாறும். ஒரு வீட்டில் கொடிமரம் தாண்டக்கூடாது என்பார்கள், மற்றொரு வீட்டில் கோயிலுக்குப் போனால்தான் மனம் ஆறும் என்று தாமே அழைத்துச் செல்வார்கள். ஆகவே உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் மனம் நோக நடந்தால் உங்களுக்கும் அந்த நாள் இனிக்காது.

ஆனால் அவரிடம் கேட்கும்போது இதையும் சொல்லுங்கள். சுவாமி வீதியுலா வருவதே கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயாளி, முதியவர், பிள்ளை பெற்றவள், துக்கம் காப்பவர் என்று வாசற்படி தாண்ட இயலாதவர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக மூர்த்தி தாமே வாசலுக்கு வருகிறார். நீங்கள் கோயிலுக்குள் போகப் போவதில்லை. உறவினர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறீர்கள். சாவின் முன் நின்று பாடிய பதிகத்தை வைத்துக் கொண்டாடும் விழா இது. மகளின் எலும்பைக் குடத்தில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தந்தையை அந்த எட்டாம் நாள் காலையில் மயிலாப்பூரே நினைத்துக்கொள்கிறது. துக்கம் உள்ளவர்கள் அங்கே வேற்றாட்கள் அல்லர்.

மோர் கொடுப்பதற்குத் தடை சொல்லும் வழக்கம் எதையும் நான் கேட்டதில்லை. இறந்தவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம்மவர் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். பெரியவர் சம்மதித்தால் அதே பானையையே எடுத்துப் போங்கள். முதல் நாள் இரவே அதைக் கழுவி நீர் நிரப்பி ஊறவையுங்கள். ஏழெட்டு மாதம் காய்ந்து கிடந்த மண்பானை உடனே குளிர்விக்காது. வாசலில் மேற்கு வெயில் படாத பக்கமாக மணல் பரப்பி அதன் மேல் பானையை நிறுத்தி, ஈரத்துணி சுற்றுங்கள். உப்பைச் சற்றுக் குறைத்தே போடுங்கள், நடந்து வருபவர்களில் வயதானவர்கள் அதிகம். உங்கள் அம்மா எந்தச் செம்பில் மொண்டு கொடுத்தார் என்று தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அவரிடம் வாங்கிக் குடித்தவர்கள் சிலராவது வருவார்கள், அவரைக் கேட்பார்கள்.